இருக்கிறேன் ஐயா, இருக்கிறேன்!

சென்னையில் வசிக்கும் குடும்பங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது புதுச்சேரிக்குப் போய்வராத குடும்பம் உண்டா என்பது சந்தேகம்தான். காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியைக் கிளப்பினால், மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், மணக்குள விநாயகர், அரவிந்தர் ஆசிரமம், மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாக நிற்கும் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, குழந்தைகளுக்கு ஐஸ்கிரீமும் வாங்கிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடுவோம்.

அடுத்த முறை போகும்போது, சகோதரிகளே, இன்னும் ஒன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு போங்கள். அது கட்டடமும் அல்ல, சிலையும் அல்ல, வெறும் காகிதம். வருஷத்துக்கு ஒரு தடவை பிரான்ஸ் தேசத்திலிருந்து இந்த ஊரின் பல வீடுகளுக்கு அது வந்து சேருகிறது. அது கேட்கும் கேள்வி இதுதான்: "நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா?"

இதென்ன அபசகுனமான கேள்வி என்கிறீர்களா? நம் வீட்டுப் பெரியவர்களிடம் யாராவது இப்படிக் கேட்டுவிட்டால் நாம் சும்மா விடுவோமா? ஆனால் புதுச்சேரியில் அந்தக் கேள்வி எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள். வராவிட்டால்தான் அங்கே கவலை. அதற்குப் பதில் போனால்தான் பென்ஷன் வரும்!

இந்த விசித்திரமான கடிதப் போக்குவரத்து எப்படி ஏற்பட்டது என்று தெரிந்துகொள்ளக் கடற்கரைக்கே வாருங்கள். காந்தி சிலைக்கு அருகே, சாலைக்கு அந்தப் புறத்தில் ஒரு போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த மகா யுத்தத்தில் பிரான்சுக்காக உயிர் விட்ட பிரெஞ்சு இந்தியர்களின் நினைவாக 1938ல் திறந்து வைக்கப்பட்டது. ஒவ்வொரு வருஷமும் ஜூலை 14ந் தேதி பிரெஞ்சு தேசிய தினத்தன்று இங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். மார்பில் மெடல் அணிந்த முதியவர்கள், முதுகு வளைந்திருந்தாலும் அன்றைக்கு மட்டும் நிமிர்ந்து நிற்கிறார்கள். ஊரார் இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் "சொல்தா". பிரெஞ்சு மொழியில் சிப்பாய்க்கு உள்ள பெயர்தான் அது. தமிழ் நாக்குக்கு நன்றாகவே பழகிவிட்டது.

1940ல் பிரான்ஸ் ஹிட்லரிடம் விழுந்தபோது, புதுச்சேரி கவர்னர் போன்வேன் செப்டம்பர் 7ந் தேதி தெகோல் பக்கம் சேர்ந்தார். இந்த ஊர் இளைஞர்கள் அந்தப் படையிலும் சேர்ந்தார்கள். பிறகு இந்தோசீனா யுத்தம் வந்தது. சிப்பாயாகவும் குமாஸ்தாவாகவும் போலீஸாகவும் எத்தனையோ தமிழர்கள் சைகோனில் இருந்தார்கள். சிலர் வியட்நாம் பெண்களை மணந்துகொண்டு திரும்பினார்கள். "நேம்" என்ற வியட்நாம் பலகாரம் புதுச்சேரிச் சமையலறைகளுக்கு வந்தது அந்தச் சம்பந்தத்தால்தான். மெல்லிய அரிசித் தாளில் கறியைச் சுருட்டி எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். பக்குவம் தெரிந்த வீட்டில் சாப்பிட்டால் மறக்க மாட்டீர்கள்.

1954ம் வருஷத்தைப் பாருங்கள். மே 7ந் தேதி தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே வருஷம் நவம்பர் 1ந் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1962 ஆகஸ்ட் 16ந் தேதி அது அமலுக்கு வந்தது. அப்போது ஊரில் குடியிருந்தவர்களுக்கு ஒரு கேள்வி வைக்கப்பட்டது. அவர்கள் இந்தியப் பிரஜைகள் ஆவார்கள். பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஊரில் பிறந்து, அந்தச் சமயம் பிரான்சிலோ வேறு நாட்டிலோ குடியிருந்தவர்கள் எதுவும் எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுப் பிரஜைகளாக நீடித்தார்கள். இப்படித்தான் அண்ணன் பிரெஞ்சுக்காரராகவும் தம்பி இந்தியராகவும் ஆன குடும்பங்கள் உண்டாயின. இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒரே மீன் குழம்பைச் சாப்பிட்டார்கள். வோட்டு மட்டும் வேறு வேறு நாட்டில்!

இந்தோசீனாவில் 20 வயது இளைஞராக இருந்தவர் இன்றைக்கு 90ஐத் தாண்டியிருப்பார். அப்படிப்பட்டவர்கள் இப்போது மிகச் சிலர்தான். பென்ஷன் வாங்குபவர்களில் அவர்களுடைய விதவைகள் உண்டு. பிற்காலத்தில் பிரெஞ்சு ராணுவத்திலோ சர்க்கார் உத்தியோகத்திலோ தொழிற்சாலையிலோ உழைத்துவிட்டு, கடைசிக் காலத்தைச் சொந்த மண்ணில் கழிக்கலாம் என்று வந்தவர்களும் உண்டு.

நினைவுச் சின்னத்திலிருந்து, கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தால், மரைன் வீதியில் பிரெஞ்சுத் தூதரக அலுவலகம் இருக்கிறது. வாசலில் மூவர்ணக் கொடி பறக்கும். நம்முடையது அல்ல, நீலமும் வெள்ளையும் சிவப்பும். காலை வேளைகளில் அந்தப் பக்கம் போனால், கையில் பிளாஸ்டிக் உறையுடன் வரும் முதியவர்களைக் காணலாம். பக்கத்தில் மகனோ மருமகளோ பேத்தியோ கூட வருவார்கள்.

அந்த உறைக்குள் என்ன இருக்கிறது? பென்ஷன் கொடுக்கும் நிலையம் அனுப்பும் உயிர்வாழ் சான்றிதழ்ப் படிவம். பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் எழுதி, நிலையம் ஒப்புக்கொள்ளும் ஓர் அதிகாரியின் முன் நேரில் போய் நிற்க வேண்டும். அவர் ஆளைப் பார்ப்பார்; அடையாளப் பத்திரத்தைப் பார்ப்பார்; பிறகு கையெழுத்திட்டு முத்திரை குத்துவார். அது கெடுவுக்குள் பிரான்சுக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பணம் நின்றுவிடும். முன்பெல்லாம் ஒவ்வொரு நிலையமும் தனித்தனியாக இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தது. ராணுவத்தில் சில வருஷமும் கம்பெனியில் சில வருஷமும் வேலை பார்த்தவர், தாம் ஒருவரே என்றாலும் இரண்டு தடவை, மூன்று தடவை உயிரோடு இருக்க வேண்டியிருந்தது! 2019ல் இதைச் சீர்படுத்தி, எல்லா நிலையங்களுக்கும் பொதுவாக ஒரே படிவம் போதும் என்று ஏற்பாடு செய்தார்கள்.

முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில் ஒரு பாட்டியைச் சந்தித்தேன். வயது 82. கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். காலமாகிப் பல வருஷம் ஆகிறது. ராணுவ விதவைக்குக் கணவர் வாங்கிய பென்ஷனில் பாதி கிடைக்கும். அந்தப் பாதிதான் பாட்டியின் மருந்துக்கும் வீட்டு வாடகைக்கும்.

"வாம்மா, உக்காரு. நான் இருக்கேனான்னு பிரான்சுக்காரன் வருஷா வருஷம் கேக்கிறான். மெட்ராசிலேருந்து நீயும் கேக்க வந்துட்டியா?" என்று சொல்லிச் சிரித்தார்.

மருமகள் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் பிரெஞ்சு நகரசபை கொடுத்த குடும்பப் புத்தகம், தாத்தாவின் மெடல் ஒன்று, போன வருஷம் வரை அனுப்பிய படிவங்களின் நகல்கள். எல்லாம் வருஷவாரியாக, ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தன. பாட்டிக்குப் பிரெஞ்சு எழுத்துத் தெரியாது. மருமகளுக்கும் கல்யாணமாகி வந்தபோது தெரியாது. இப்போது எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி.

"உயிரோட இருக்கியான்னு மட்டுமா கேக்கிறாங்க? மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கிட்டியான்னும் கேக்கிறாங்கம்மா!" என்றார் பாட்டி. உண்மைதான். ராணுவ விதவை மறுமணம் செய்துகொண்டால் அந்தப் பென்ஷன் நின்றுவிடும். ஆகவே, "நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை, யாருடனும் சேர்ந்து குடும்பம் நடத்தவுமில்லை" என்று பாட்டி உறுதிமொழி எழுதிக் கொடுக்கிறார். "எனக்கு மாப்பிள்ளை பாக்கிறாங்களோ என்னவோ!" என்று அவர் சொல்ல, மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கியதும் மருமகள் இன்னொரு கதை சொன்னாள். சில வருஷங்களுக்கு முன் அவர்கள் வீடு மாற்றினார்கள். மின்சார அலுவலகத்துக்குச் சொன்னார்கள், காஸ் கம்பெனிக்குச் சொன்னார்கள், பால்காரரிடம் சொன்னார்கள். பிரான்சுக்கு எழுதத் தோன்றவில்லை. படிவம் பழைய விலாசத்துக்குப் போய், அங்கேயே கிடந்துவிட்டது. ஒரு மாதம் பணம் வரவில்லை. பாங்கியில் ஏதோ தாமதம் என்று நினைத்தார்கள். இரண்டாம் மாதமும் வரவில்லை. மூன்றாம் மாதம் மருமகளின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று.

"அப்போ அத்தை ராத்திரியிலே தூங்கலே. அங்கே என்னைச் செத்துட்டேன்னு எழுதிட்டாங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றாள்.

பாட்டி அதைக் கேட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "காலையிலே எழுந்து வாசல்லே கோலம் போடறேன். பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டறேன். தெருவிலே அத்தனை பேரும் பாக்கிறாங்க. ஆனா ஒரு காகிதம் போகலேன்னா நான் இல்லே. அதுதாம்மா எனக்கு விளங்கலே."

புதுப் படிவம் வாங்கி, முத்திரை குத்தி அனுப்பிய பிறகு, நின்ற பணமும் சேர்ந்து வந்தது. சங்கிலியும் வீட்டுக்குத் திரும்பியது. ஆனாலும் இன்றைக்கும் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் பாட்டி வாசலுக்கு வந்துவிடுகிறாராம்.

கேட்பவர்கள் கல்நெஞ்சக்காரர்களா? அப்படிச் சொல்ல முடியாது. பிரான்சில் ஒருவர் காலமானால் நகரசபை பதிவு செய்கிறது. செய்தி பென்ஷன் நிலையத்துக்குத் தானாகவே போய்விடுகிறது. புதுச்சேரியில் காலமானால் இங்குள்ள நகராட்சிதான் பதிவு செய்யும். அது பிரெஞ்சு நிலையத்துக்கு எப்படித் தெரியும்? ஜெர்மனி, பெல்ஜியம், லக்ஸம்பர்க் போன்ற நாடுகள் மரணச் செய்திகளைப் பிரான்சுடன் பரிமாறிக்கொள்கின்றன. சர்க்காரும் சர்க்காரும் பேசிக்கொள்ளும் இடத்தில் கிழவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை. அவை பேசிக்கொள்ளாத இடத்தில்தான், எழுந்து நடக்கவே சிரமப்படுகிறவர் முத்திரை தேடிப் போக வேண்டியிருக்கிறது.

கேட்காமலே விட்டால் என்ன ஆகும்? ஜப்பானைப் பாருங்கள். 2010ல் டோக்கியோ நகரில், பதிவேட்டின்படி 111 வயதான ஒரு பெரியவருக்கு வாழ்த்துச் சொல்ல அதிகாரிகள் போனார்கள். அவர் இறந்து சுமார் 30 வருஷம் ஆகியிருந்தது! உடல் வீட்டிலேயே இருந்தது. குடும்பத்தார் பென்ஷன் வாங்கி வந்தார்கள். பிறகு நாடு முழுவதும் தேடியபோது, குடும்பப் பதிவேடுகளில் உயிரோடு இருப்பதாக இருந்த நூறு வயதுக்காரர்களில் 2,34,000க்கு மேற்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆகவே சர்க்கார் கஜானாவுக்குக் கவலை இருக்கத்தான் செய்யும்.

பிரான்சுக்கு இந்தக் கவலை புதிதல்ல. 18ம் நூற்றாண்டில் அந்நாட்டு ராஜாக்கள் ஒரு விதமான கடன் வாங்கினார்கள். பணம் கொடுத்தவருக்கு வட்டி அல்ல, வருஷாந்தரத் தொகை; அவர் குறிப்பிடும் ஒரு நபர் உயிரோடு இருக்கும்வரை அது கிடைக்கும். அந்த நபர் யாராகவும் இருக்கலாம். ஜெனீவா நகரத்துப் பாங்கிக்காரர்கள் புத்திசாலிகள். வைசூரி கண்டு பிழைத்த, தீர்க்காயுசுள்ள குடும்பங்களைச் சேர்ந்த 30 சிறு பெண்களைப் பொறுக்கியெடுத்து, அவர்கள் பெயரில் பணத்தைப் போட்டார்கள். அந்தக் குழந்தைகள் இருமினால் முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கும்! பெண்களில் பெரும்பாலோர் திடமாகத்தான் வளர்ந்தார்கள். ஆனால் பிரெஞ்சுப் புரட்சி வந்து, சர்க்கார் கடனைச் சரியாகக் கட்ட முடியாமல் போயிற்று. பெண்கள் இருந்தார்கள், பணம்தான் போய்விட்டது.

பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்கும் 1832ல் இதைப் போன்ற கதை ஒன்றை எழுதியிருக்கிறார். அதில் வரும் கர்னல் ஷாபேர், 1807ல் நடந்த ஓர் யுத்தத்தில் இறந்துவிட்டதாக எழுதப்பட்டவர். பிணக் குவியலிலிருந்து மீண்டு வருகிறார். மனைவி வேறொருவரை மணந்துவிட்டாள், சொத்தும் போய்விட்டது. செத்தவராகவே இருந்துகொள்ளச் சம்மதித்தால் வருஷாவருஷம் பணம் தருகிறோம் என்று பேரம் நடக்கிறது! புதுச்சேரிப் பாட்டி அந்தக் கதையைப் படித்ததில்லை. ஆனால் மூன்று மாதம் அவர் தூங்காமல் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தானே?

இப்போது காலம் மாறி வருகிறது. செல்பேசியில் முகத்தைக் காட்டி, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, வீட்டிலிருந்தே சான்று அனுப்பும் வசதியைப் பிரெஞ்சு நிலையங்கள் கொண்டுவந்திருக்கின்றன. நம் நாட்டிலும் 2014 நவம்பர் முதல் "ஜீவன் பிரமாண்" என்ற பெயரில் கைரேகையாலும், பிற்பாடு முகத்தாலும் சான்று கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. நம் மத்திய சர்க்கார் பென்ஷன்காரர்களுக்கு நவம்பர் மாதம்தான் இந்தச் சடங்கு. 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாம். ஆனால் யந்திரத்துக்கும் நிபந்தனைகள் உண்டு. பிரெஞ்சு ஏற்பாட்டுக்குப் புது மாதிரிப் பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ வேண்டும். வாசலைத் தாண்டாத பாட்டி, காலாவதியான பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருப்பாரா? ஆகவே பிஸ்கட் டின்னுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

அந்த மருமகளிடம் நான் கற்றுக்கொண்டவற்றை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பென்ஷன் வரும் வீடு உங்கள் உறவிலும் இருக்கலாம்.

முதலாவது, வீடு மாறினால் பால்காரருக்குச் சொல்வதற்கு முன் பென்ஷன் நிலையத்துக்குச் சொல்லுங்கள். இரண்டாவது, படிவம் வழக்கமாக வரும் மாதத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த மாதம் வராவிட்டால் நீங்களே கேட்டு எழுதுங்கள். மூன்றாவது, அனுப்பும் ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் எடுத்து, அனுப்பிய தேதியைப் பின்புறம் எழுதுங்கள். நான்காவது, பெயரின் எழுத்துக்களைக் கவனியுங்கள். புதுச்சேரியில் இது பெரிய தொல்லை. "முத்து" என்று எழுத ஆங்கில முறையில் உகரத்துக்கு ஓர் எழுத்துப் போதும். பிரெஞ்சு முறையில் இரண்டு வேண்டும். "ராஜு" என்றால் பிரெஞ்சுக்காரர்கள் ஜகரத்துக்கு முன்னால் இன்னோர் எழுத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பிரெஞ்சுப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் ஆதார் அட்டையில் வேறு விதமாகவும் இருந்தால், ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். உயிரோடு இருப்பவர் எவர் என்று அதிகாரி கேட்டால் என்ன சொல்வது?

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதை மருமகள் வாயால் சொல்லவில்லை. அவள் செய்வதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். படிவத்தை அவளே நிரப்புகிறாள். ஆனால் நிரப்பும்போது பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்கிறாள். அதிகாரியிடம் போனால் பேசாமல் ஒதுங்கி நிற்கிறாள். அவர் பெயர் கேட்டால் பாட்டிதான் சொல்ல வேண்டும். பிறந்த தேதி கேட்டாலும் பாட்டிதான் சொல்ல வேண்டும். காது சற்று மந்தம் என்பதால் நேரம் ஆகும். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவள் அவசரப்படுத்துவதில்லை.

"ஏம்மா, நீயே சொல்லிவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடாதா?" என்று கேட்டேன்.

"அவங்க உயிரோட இருக்காங்கன்னு நான் எதுக்குச் சொல்லணும்? அவங்களுக்குத்தான் வாய் இருக்கே!" என்றாள் அவள்.